நேரம் சொல்லி: 'ரெலோஹ்' என்ற பெயர் வந்த வழி

ஆங்கில–ஸ்பானிய அகராதியைப் புரட்டி 'கிளாக்' என்று தேடினால் 'ரெலோஹ்' என்று பொருள் இருக்கும். 'வாட்ச்' என்று தேடினாலும் அதே ரெலோஹ்தான். மணலை மேலிருந்து கீழே உதிர்க்கும் கண்ணாடிக் குடுவைக்கு ஆங்கிலத்தில் 'அவர்கிளாஸ்' என்று தனிப்பெயர் உண்டு. ஸ்பானியத்தில் அது 'ரெலோஹ் தெ அரேனா', அதாவது மணல் ரெலோஹ். வெயிலில் நிழல் விழுந்து நேரம் காட்டும் கல்லை ஆங்கிலேயர் 'சன்டயல்' என்பார்கள். ஸ்பானியருக்கு அது சூரிய ரெலோஹ். ஆங்கிலப் பெயர்கள் நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று உறவு இருப்பதாகவே தெரியாது. ஒன்று மணியோசையைச் சொல்கிறது, ஒன்று விழித்திருப்பதை, ஒன்று கண்ணாடியை, ஒன்று வட்டத் தகட்டை. ஸ்பானியம் நான்கையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகப் பெயர் சொல்லி அழைக்கிறது.

இப்படிப் பல ஆங்கிலச் சொற்கள் ஒரே ஸ்பானியச் சொல்லில் வந்து சேர்வது அரிதல்ல. கைவிரலும் கால்விரலும் ஆங்கிலத்தில் வேறு வேறு. ஸ்பானியத்தில் இரண்டும் 'தேதோ'. அதில் தமிழரான நமக்கு வியப்பதற்கு ஒன்றுமில்லை, நமக்கும் எல்லாம் விரல்தான். வீட்டுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் உட்கூரையும், வெளியே மழையை வாங்கும் மேற்கூரையும் 'தேச்சோ'. காத்திருப்பது, எதிர்பார்ப்பது, நம்பியிருப்பது மூன்றுக்கும் 'எஸ்பெரார்' என்ற ஒரே வினை. இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குத் தகும். ஆனால் வரலாறு ரெலோஹில்தான் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. நேரத்தை அளக்கும் கருவி மாறிக்கொண்டே வந்தும் பெயர் மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளாக இடம் விட்டு நகரவில்லை.

மூலம் கிரேக்கம். 'ஹோரா' என்றால் பருவம், வேளை. பின்னர் நாளின் ஒரு பகுதி. 'லேகேய்ன்' என்றால் சொல்லுதல். இரண்டும் சேர்ந்த 'ஹோரோலோகியோன்' நேரம் சொல்லும் பொருளைக் குறித்தது. அதை லத்தீன் 'ஹோரோலோகியும்' என்று எடுத்துக்கொண்டது. கிரேக்கத்தின் இந்த ஹோராதான் சமஸ்கிருதத்தின் சோதிட நூல்களுக்குள் புகுந்து, அங்கிருந்து நம் பஞ்சாங்கத்துக்கு 'ஓரை'யாக வந்தது. சுக்கிர ஓரை பார்த்துக் கடை திறக்கிறவருக்கும் மாட்ரிட் நகரத்துக் கடிகாரக் கடைக்காரருக்கும் அந்த அளவில் ஒரு சொல் பொது.

லத்தீனிலிருந்து ஸ்பானியத்துக்குச் சொல் நேர்வழியில் வரவில்லை. பக்கத்து மொழியான கட்டலான் வழியாக வந்தது என்பதே ஸ்பானியச் சொல்லாராய்ச்சியில் ஏற்கப்பட்ட கருத்து. பழைய கட்டலானில் அது 'ஒரொல்யோட்ஜெ'. அந்த மொழியில் 'லோ' என்பது பெயருக்கு முன்னால் வரும் சுட்டுச் சொல். 'லோ ஒரொல்யோட்ஜெ' என்று வேகமாகச் சொல்லும்போது முதல் ஓகாரம் சுட்டைச் சேர்ந்ததா, பெயரைச் சேர்ந்ததா என்று காதுக்குத் தெரியாது. கேட்டவர்கள் அதைச் சுட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். மிஞ்சியது 'ரெலோட்ஜெ'. ஆங்கிலத்திலும் இப்படி நடந்திருக்கிறது: பாம்பைக் குறித்த பழைய 'நாடர்' தன் நகரத்தை முன்னாலிருந்த 'அ' என்ற சுட்டுக்குப் பறிகொடுத்து 'ஆடர்' ஆனது. ரெலோஹின் இழப்பு அதைவிடப் பெரியது. நேரத்தைக் குறித்த ஹோராவிலிருந்து அந்தச் சொல்லில் இன்று எஞ்சியிருப்பது ஒரு ரகரம்தான்.

ஸ்பானியத்தில் அது 1400 வாக்கில் 'ரெலோஷ்' என்ற ஒலியோடு எழுத்தில் தென்படத் தொடங்குகிறது. அப்போது எழுதிய கடைசி எழுத்து எக்ஸ். டான் கிஹோத்தேயின் பெயரிலும் மெக்ஸிகோவின் பெயரிலும் இருந்த அதே எழுத்துதான். ஷகர ஒலி தொண்டைக்குள் இறங்கி ஹகரம் போல ஆனபின், ஸ்பானிய அரச மொழிக்கழகம் 1815-இல் அந்த ஒலிக்கு எக்ஸை விலக்கி ஜே எழுத்தை வைத்தது. சொல்லின் இறுதியில் மட்டும் எக்ஸ் இன்னும் சில காலம் நீடித்ததால், ரெலோஹ் பழைய உடுப்பை மற்ற சொற்களைவிடத் தாமதமாகவே கழற்றியது. பேச்சில் இன்று அந்தக் கடைசி ஒலியையும் பலர் விழுங்கிவிடுகிறார்கள். 'ரெலோ' என்று எழுதுவதைக் கழகமும் ஏற்கிறது. ஆனால் படித்தவர்கள் எழுத்தில் அது அதிகம் புழங்குவதில்லை.

கருவிகள் மாறியபோதும் பெயர் மாறாததால் வரலாற்று ஆசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பற்சக்கரமும் எடைக்கல்லும் கொண்ட இயந்திரக் கடிகாரம் ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தோன்றியது. அந்த நூற்றாண்டின் மடாலயக் கணக்குகளில் 'ஹோரோலோகியும் செய்யச் செலவு' என்று எழுதியிருந்தால், எழுதியவர் மனதில் இருந்தது தண்ணீர் சொட்டும் பாத்திரமா, புதிய இயந்திரமா, வெறும் நிழற்கல்லா? சொல்லை வைத்து முடிவு செய்ய வழியில்லை. சில இடங்களில் தற்செயலாகத் துப்பு கிடைக்கிறது. இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடாலயத்தில் 1198-இல் தீப்பிடித்தது. அங்கே துறவியாக இருந்த ஜோஸ்லின் அதைப் பதிந்து வைத்திருக்கிறார். இளம் துறவிகள் தண்ணீர் தேடிச் சிலர் கிணற்றுக்கும் சிலர் ஹோரோலோகியுமுக்கும் ஓடினார்களாம். தீயணைக்க ஓடிப்போய் மொண்டுவரும் அளவுக்கு அதில் தண்ணீர் இருந்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தால் அது நீர்க்கடிகாரம் என்று உறுதியானது.

காஸ்தில்யா நாட்டை ஆண்ட பத்தாம் அல்ஃபோன்ஸோ இன்னும் நல்ல சான்று. அறிவர் அரசர் என்று பெயர் பெற்றவர். அவருடைய ஆதரவில் 1270-களில் தொகுத்த வானியல் நூல்களில் நேரம் காட்டும் கருவிகளைச் செய்யும் முறையும் இருக்கிறது. மெழுகுவர்த்தி எரிந்து குறைவதை வைத்து நேரம் காட்டுவது ஒன்று, நீரால் ஓடுவது ஒன்று, நிழற்கல் ஒன்று. பாதரசத்தை அறை அறையாக அடைத்த உருளை மெல்லச் சுழன்று நேரம் காட்டுவது மற்றொன்று. நூல்கள் இவற்றை 'ரெலோகியோ' என்ற பெயரின் கீழேதான் கொண்டுவருகின்றன. லத்தீனுக்கு இன்னும் நெருக்கமான வடிவம் அது. மெழுகும் நீரும் பாதரசமும் நிழலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்கள். அவை செய்யும் வேலை ஒன்று என்பதால் பெயரும் ஒன்றானது. செய்யும் வேலையை வைத்துப் பெயரிடுவதைத்தான் ஸ்பானியம் பின்னாலும் விடாமல் பிடித்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலம் வேறு பக்கம் போனது. 'கிளாக்' என்ற சொல்லின் பழைய பொருள் மணி, அடித்து ஒலியெழுப்பும் மணி. இடைக்கால லத்தீனில் 'கிளோக்கா'. அயர்லாந்திலும் வேல்ஸிலும் அதற்கு உறவான சொற்கள் உண்டு. பிரெஞ்சு 'க்ளோஷ்', ஜெர்மன் 'க்ளோக்கெ' இரண்டும் இன்றுவரை தேவாலய மணியையே குறிக்கின்றன. ஆங்கிலத்திலோ மணி கடிகாரமாகிவிட்டது. ஏன் என்று பார்க்க சாலிஸ்பரி பேராலயத்துக்குப் போக வேண்டும். 1386-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் கடிகாரம் ஒன்று அங்கே இருக்கிறது. இரும்புச் சட்டத்துக்குள் பற்சக்கரங்கள், கயிறு சுற்றிய உருளைகள், கீழே தொங்கும் கற்கள். எவ்வளவு தேடினாலும் முகப்பு கிடையாது, முள் கிடையாது, எண்கள் கிடையாது. மணிக்கு ஒருமுறை மணியடிப்பது மட்டுமே அதன் வேலை. வயலில் நிற்கிறவர் அதைப் பார்க்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். அப்படிப்பட்ட கருவியை மணி என்றே அழைத்தார்கள். மூன்று மணி என்பதற்கு ஆங்கிலத்தில் 'த்ரீ ஓ கிளாக்' என்கிறோமே, அதற்கு மணியின்படி மூன்று என்றே பொருள்.

தமிழும் இங்கே ஆங்கிலத்தோடு நிற்கிறது. 'மணி என்ன?' என்று கேட்கும்போது நாமும் வெண்கல மணியைத்தான் கேட்கிறோம். ஊர் நடுவே மணிக்கூண்டு கட்டியிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் கையில் கட்டுவதும் சுவரில் தொங்குவதும் மணிக்கூடுதான். ஸ்பானியருக்கு இந்த மணி தேவைப்படவில்லை. 'என்ன ஹோரா?' என்று கேட்டு, 'மூன்று' என்று பதில் சொல்வார்கள். மணியைக் குறிக்கும் 'கம்பானா' தேவாலயத்தோடு நின்றுகொண்டது.

'வாட்ச்' பிறந்த இடம் இரவு. பழைய ஆங்கிலத்தில் அது விழித்திருத்தல், காவல். நகரத்தில் இரவு ரோந்து சுற்றியவர்கள் வாட்ச். கப்பலில் மாலுமிகள் முறைவைத்து விழித்திருக்கும் நேரமும் வாட்ச். தூங்குகிறவரை எழுப்பும் கருவிக்கும் 15-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் வழங்கியது. சுருள்வில் வந்தபின் கடிகாரத்துக்கு எடைக்கல் வேண்டியிருக்கவில்லை. கழுத்தில் தொங்கவிடலாம், பையில் வைக்கலாம். 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தச் சிறிய கடிகாரத்துக்கு வாட்ச் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெரியது காதுக்கு, சிறியது விழிப்புக்கு என்று ஆங்கிலம் பிரித்துக்கொண்டது.

ஆங்கிலத்திடம் ரெலோஹின் உடன்பிறப்பு இல்லாமலும் போகவில்லை. பிரெஞ்சு வழியாக 'ஓர்லோஜ்' அங்கேயும் வந்திருந்தது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாஸர் எழுதிய கதைகளில் ஒன்றில் சேவல் ஒன்று வருகிறது. அது கூவுவது எவ்வளவு துல்லியம் என்று சொல்ல, கிளாக்கையும் மடாலயத்து ஓர்லோஜையும் ஒரே அடியில் அடுத்தடுத்து வைக்கிறார் கவிஞர். இரண்டு சொல்லும் அன்று சந்தையில் இருந்தன. மக்கள் மணியை எடுத்துக்கொண்டார்கள். நேரம் சொல்லி, கடிகாரக் கலைக்கு அறிஞர்கள் வைத்த 'ஹோராலஜி' என்ற பெயருக்குள் மட்டும் ஒதுங்கிவிட்டது.

மற்ற மொழிகள் ஆளுக்கு ஒரு வழியில் போயின. இத்தாலியமும் போர்ச்சுகீசியமும் ஸ்பானியம் போலவே பெரிய கடிகாரத்துக்கும் கையில் கட்டுவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டன. பிரெஞ்சில் ஓர்லோஜ் என்றால் கோபுரத்திலோ நிலையத்திலோ உள்ள பெரிய கடிகாரம். கையில் கட்டுவது 'மோந்த்ர', அதாவது காட்டுவது. அதே ஓர்லோஜைக் கடன் வாங்கிய டச்சுக்காரர்கள் அதைக் கைக்கடிகாரத்துக்கு வைத்துவிட்டு, பெரியதை 'க்லோக்' என்றார்கள். பாரிஸில் கோபுரத்தில் ஏறிய சொல் ஆம்ஸ்டர்டாமில் மணிக்கட்டில் இறங்கியது. டச்சு ஆட்சியில் அது இலங்கைக்கும் கப்பலேறியது. சிங்களத்தில் கடிகாரத்துக்கு 'ஒரலோசுவ' என்ற பெயர் அப்படி வந்தது. ஏதென்ஸின் ஹோரா கொழும்புக் கடைத்தெருவரை வந்திருக்கிறது என்பதை நினைக்கையில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி உண்டாகிறது.

ஒரு பெயர் பலவற்றைத் தாங்கும்போது அதை வைத்து என்ன செய்ய முடியும் என்பதை ஃப்ராய் அன்தோனியோ தெ கெவாரா காட்டினார். பேரரசர் ஐந்தாம் கார்லோஸின் அரசவைப் பிரசங்கியார் அவர். 1529-இல் வயாதோலித் நகரில் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'அரசர்களின் ரெலோஷ்'. ஆள்கிறவர்களுக்கு அறிவுரை கூறும் நூல். தம் ரெலோஷ் மணலில் ஓடுவதும் அல்ல, வெயிலில் ஓடுவதும் அல்ல, தண்ணீரில் ஓடுவதும் அல்ல. வாழ்க்கையை ஒழுங்கு செய்வது என்று முன்னுரையில் விளக்குகிறார். மணலையும் வெயிலையும் தண்ணீரையும் ஒவ்வொன்றாக விலக்கி மேலே ஏற முடிந்தது, அவை எல்லாம் ஏற்கெனவே ஒரே பெயருக்குள் இருந்ததால்தான். இந்த நூலைத் தாமஸ் நார்த் 1557-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது தலைப்பில் அவர் எடுத்த சொல் 'டயல்'. கிளாக்கும் அல்ல, வாட்சும் அல்ல, ஐந்தாவதாக ஒன்று. நார்த் திறமையானவர், சொல்லும் அழகான சொல். ஆனால் டயலுக்குள் மணல் உதிராது, தண்ணீர் சொட்டாது. கெவாரா கட்டிய படிகள் அந்தத் தலைப்போடு பொருந்தாமல் நிற்கின்றன.

கெவாராவின் பேரரசருக்குக் கடிகாரங்கள் மேல் தனிப் பிரியம். பதவியைத் துறந்து யூஸ்தே மடாலயத்துக்குப் போனபோது கிரெமோனா நகரத்துக் கடிகாரக் கலைஞர் ஹுவானெலோ தூரியானோவையும் உடன் வைத்துக்கொண்டார். பேரரசர் அங்கேயே 1558-இல் இறந்தார். ஹுவானெலோவை ஸ்பானியர் 'ரெலோஹெரோ' என்பார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அவரைக் கிளாக் செய்கிறவர் என்பதா, வாட்ச் செய்கிறவர் என்பதா என்று முடிவு செய்ய வேண்டும். மூன்று நூற்றாண்டு கழித்து லண்டனில் கடை வைத்திருந்த ஸ்பானியர் லோசாதாவுக்கும் இதே நிலைதான். பைக்கடிகாரமும் செய்தார், கோபுரக் கடிகாரமும் செய்தார். மாட்ரிடின் புவெர்தா தெல் சோல் சதுக்கத்தில் 1866 முதல் ஓடும் கடிகாரம் அவர் கொடுத்த பரிசு. டிசம்பர் 31 இரவு அது பன்னிரண்டு அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சை வீதம் நாடே வாயில் போட்டுக்கொள்கிறது.

சால்வதோர் தாலியின் 'நினைவின் நிலைபேறு' ஓவியத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1931-இல் வரைந்தது, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளி நோட்டைவிடச் சற்றே பெரிய படம்தான். அதில் ஒரு கடிகாரம் பட்ட மரத்தின் கிளையில் துணி போலத் தொங்குகிறது. ஒன்று மேடை விளிம்பில் உருகி வழிகிறது, அதன்மேல் ஓர் ஈ. ஒன்று தரையில் கிடக்கும் முகம் போன்ற ஏதோ ஒன்றின்மேல் சரிந்திருக்கிறது. நான்காவது மட்டும் உருகவில்லை. மூடி போட்ட ஆரஞ்சு நிறப் பைக்கடிகாரம், மேலெல்லாம் எறும்பு. உற்றுப் பார்த்தால் நான்குமே சட்டைப்பையில் வைக்கும் வகை. அருங்காட்சியகங்களும் கலை விமர்சகர்களும் பெரும்பாலும் வாட்ச் என்று எழுதுகிறார்கள், பொதுமக்களோ உருகும் கிளாக் என்கிறார்கள். இரு பக்கமும் நியாயம் உண்டு. வடிவத்தில் அவை வாட்ச். படம் பேசுவது காலத்தைப் பற்றி, அதற்கு வாட்ச் சின்னதாக இருக்கிறது. ஸ்பானியத்தில் 'ரெலோஹெஸ் பிளாந்தோஸ்', மென்மையான ரெலோஹ்கள், என்று சொன்னால் வேலை முடிந்தது. தாலி கட்டலான்காரர், ஃபிகெரெஸ் ஊரில் பிறந்தவர். ரெலோஹ் ஸ்பானியத்துக்கு வந்த வாசலே அவருடைய தாய்மொழிதான்.

தமிழில் மொழிபெயர்க்கிறவருக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை. கடிகாரம் என்ற சொல் ரெலோஹ் போலவே எல்லாவற்றையும் ஏந்தும்: கைக்கடிகாரம், சுவர்க்கடிகாரம், மணற்கடிகாரம், சூரியக் கடிகாரம். அதன் அடியில் கிடக்கும் 'கடிகை' ஒரு நாழிகையையும், அதை அளந்த சிறு நீர்ப்பாத்திரத்தையும் குறித்தது. முல்லைப்பாட்டின் பாசறையில் அப்படிப்பட்ட நீர்க்கலத்தைக் 'கன்னல்' என்கிறார்கள். அதைப் பார்த்து அரசனுக்கு நேரம் சொல்லவே நாழிகைக் கணக்கர் இருந்தார்கள். லத்தீன் அமெரிக்கக் கதைகள் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வருவதால், ரெலோஹ் நம்மை எட்டுவதற்கு முன்பே வாட்சாகவோ கிளாக்காகவோ பிளந்துபோகிறது. நாமும் அதே பிளவைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

ஹூலியோ கொர்த்தாஸாரின் சிறு உரைநடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. ரெலோஹுக்குச் சாவி கொடுப்பது பற்றிய அறிவுரைகளுக்கு அது ஒரு முகவுரை. ஸ்பானியத்தில் சாவி கொடுப்பதற்குக் 'கயிறு கொடுப்பது' என்பார்கள். எடைக்கல்லைக் கயிற்றில் சுற்றி ஏற்றிய காலத்து வழக்கு மணிக்கட்டுக்கு வந்தபின்னும் போகவில்லை. ஒருவருக்குக் கைக்கடிகாரம் பரிசளிக்கிறார்கள். அதோடு சேர்த்து, நாள்தோறும் சாவி கொடுக்கும் கடமையையும், நகைக்கடைக் கண்ணாடியிலும் வானொலி அறிவிப்பிலும் தொலைபேசிச் சேவையிலும் சரியான நேரத்தைத் தேடி ஒத்துப்பார்க்கும் ஓயாத தவிப்பையும் கொடுக்கிறார்கள் என்கிறார் கொர்த்தாஸார். ஆங்கிலத்தில் இது வாட்ச். கையில் கட்டுவதுதான், தவறில்லை. ஆனால் கையிலிருக்கும் ரெலோஹ் நகைக்கடை ரெலோஹைத் தேடிப்போகும்போது ஒரே குலத்துக்குள் நடக்கும் அந்த ஓட்டம் ஆங்கிலத்தில் கண்ணில் படாது.

ஸ்பானியமும் ஓரிடத்தில் இந்தப் பெயரைக் கைவிடும். காலையில் எழுப்பும் கடிகாரத்தைப் பேச்சில் வெறும் 'தெஸ்பெர்ததோர்' என்பார்கள், எழுப்பி. வாட்சின் பழைய பொருளுக்கு மிக அருகில் வரும் சொல் அது. இழந்ததற்கு ஈடாகப் புதிய இடங்களும் ரெலோஹுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. சைக்கிள் பந்தயத்தில் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டு நேரத்தை எதிர்த்து ஓட்டும் சுற்று 'கோன்த்ராரெலோஹ்'. உடம்புக்குள் தூக்கத்தையும் பசியையும் முறைப்படுத்துவதும் ரெலோஹ்.

ஹவானாவில் ஒரு வானொலி நிலையமே இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 1947-இல் தொடங்கிய 'ரேடியோ ரெலோஹ்' நாள் முழுதும் செய்தி வாசிக்கிறது. பின்னணியில் விநாடி ஒலி ஓயாமல் கேட்கும், ஒவ்வொரு நிமிடமும் அறிவிப்பாளர் நேரம் சொல்வார். நகரம் முழுதும் அதைக் கேட்டுத்தான் தன் கடிகாரங்களைத் திருத்தியது. அதனால்தான் 1957 மார்ச் 13 அன்று, மாணவர் தலைவர் ஹோசே அன்தோனியோ எச்செவெர்ரியா சர்வாதிகாரி பாத்திஸ்தாவின் ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது, அந்த ஒலிபரப்பு அறைக்குள் புகுந்து சர்வாதிகாரி இறந்துவிட்டதாக அறிவித்தார். சர்வாதிகாரி இறக்கவில்லை. எச்செவெர்ரியாவைப் போலீஸார் பல்கலைக்கழகத்தின் அருகே சற்று நேரத்தில் சுட்டுக் கொன்றார்கள். அந்த நிலையத்தின் பெயரை ஆங்கில நூல்கள் 'ரேடியோ கிளாக்' என்று பெயர்க்கின்றன. ஆனால் அங்கே நேரம் தெரிவிப்பது மணியோசை அல்ல. அறையில் உட்கார்ந்து ஒருவர் நேரத்தை வாயால் சொல்கிறார்.